கந்தல் மூட்டையும் கல்யாணச் சம்பளமும்

பெண் பார்க்கப் போன இடத்தில் நான் சொன்ன சம்பளம் இருநூற்று அறுபது வெள்ளி. அன்றைக்கு என் கைக்கு வந்துகொண்டிருந்தது தொண்ணூறு. நடுவிலுள்ள நூற்றெழுபது வெள்ளியை நான் திருடவில்லை, கடனும் வாங்கவில்லை. வரப்போகிற வருஷத்திலிருந்து கொஞ்சம் முன்னதாக எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். சலவைச் சட்டை போட்டிருந்தேன். தலையில் எண்ணெய் வைத்து வகிடு எடுத்திருந்தேன். எதிரே ஒரு தட்டில் கேசரி இருந்தது. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் ஒருவன் வாயிலிருந்து என்னவெல்லாம் வரும் என்பதற்கு நானே சாட்சி.

கொள்முதல் பிரிவில் புதிதாகப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் இதைச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. உங்கள் மேலாளர் கேட்டது வேறு. "இந்தப் பயிற்சியால என்ன லாபம், சம்பளம் எப்படி ஏறும்னு பசங்களுக்கு உற்சாகமா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க சார்" என்றார். உற்சாகத்தை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். அப்புறம் மறந்துபோகும்.

ஐம்பதுகளின் கடைசியில் பள்ளிப் படிப்பை முடித்த பையனுக்கு முன்னால் இரண்டு கதவுகள் இருந்தன. கிளார்க்காகச் சேர்ந்தால் முதல் மாதமே தொண்ணூறைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அதற்கப்புறம் அந்தச் சம்பளம் நகர்வதைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும். கொள்முதல் அப்பரண்டிஸாகச் சேர்ந்தால் மூன்று வருஷம் தொண்ணூறுதான். கிளார்க்குகள் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுதாபப்படுவார்கள். ஆனால் மாலை வகுப்புக்குக் கம்பெனி பணம் கட்டும், காய்ச்சல் என்றால் கம்பெனி டாக்டர் பார்ப்பார். மூன்று வருஷம் தாண்டி 'பையர்' என்று, அதாவது கம்பெனிக்குச் சாமான் வாங்கும் அதிகாரியாக, நியமனம் வந்துவிட்டால், ஒரே நாளில் அனுதாபப்பட்டவர்களுக்கெல்லாம் நாம் தேநீர் வாங்கிக் கொடுக்கலாம். பிறகு ஜூரோங்கில் சதுப்பை மூடித் தொழிற்சாலைகள் எழுந்தபோது, இயந்திரம் எங்கேயும் வாங்கலாம், ஆனால் அதை ஒழுங்காக வாங்கத் தெரிந்த ஆளை எங்கே வாங்குவது என்று முதலாளிகள் தேடினார்கள். எங்களைத்தான் தேடினார்கள். நான் அங்கே ஒரு கப்பல் பட்டறையில் கொள்முதல் தலைவராக இருந்து ஓய்வு பெற்றேன். ஆகவே நீங்கள் சேர்ந்தது நல்ல இடம். உற்சாகம் முடிந்தது.

இனி அந்த இருநூற்று அறுபது வெள்ளி.

நான் பயிற்சி பெற்றது துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியில். பெண்ணின் தகப்பனார் வேலாயுதம், தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் கந்தல்கடை வைத்திருந்தவர். கந்தல் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். எஞ்சின் துடைக்கக் கந்தல் இல்லாமல் ஒரு கப்பல் துறையை விட்டுப் போகாது. பட்டறையில் அதற்கு 'வேஸ்ட்' என்று பெயர். பழைய வேட்டி, சேலை, சட்டை, சாரோங் எல்லாவற்றையும் வாங்கி, வெளுத்து, உலர்த்தி, பித்தான் கொக்கி ஊசியெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, மூட்டையாகக் கட்டி விற்பார்கள். வெட்டுகிற வேலைக்கு அவர் கடையில் நான்கைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள்.

என் நியமனம் டிசம்பர் கடைசியில் வரவேண்டியது. கல்யாணம் தை மாதத்தில். அதாவது, நான் சொன்ன பொய் தாலி கட்டுவதற்குள் உண்மையாகிவிடும். சரக்கு வருமுன்னே வந்துவிட்டதாகக் கையெழுத்துப் போடுவது நம் தொழிலில் பெரிய குற்றம். அதற்காக வேலை போனவர்களை எனக்குத் தெரியும். என் சொந்த விஷயத்தில் அதைத்தான் செய்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. 'பையராக இருக்கிறேன்' என்று சொன்னபோது பெண்ணின் தாயார் இன்னொரு கரண்டி கேசரி வைத்தார். அது ஒன்றுதான் உறைத்தது.

நவம்பரில் என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பிரிவுக்கே தலைவர். யாரையும் சத்தம் போட்டுத் திட்டமாட்டார். அதனால் எல்லாருக்கும் அவரிடம் பயம்.

"ஐசே, அடுத்த வருசத்துக்கு வேஸ்ட் வாங்கவேணும். மூண்டு பேரிட்டையாவது விலை எடும். சாம்பிளைப் பாரும். ஆர் நல்லதெண்டு நீரே முடிவெடுத்து எழுதிக் கொண்டுவாரும். நான் கையெழுத்து மட்டும் வைப்பன்."

இதுதான் பரீட்சை என்று எனக்குப் புரிந்தது. மூன்று வருஷம் மற்றவர்கள் சொன்னதை எழுதியவனுக்கு, முதல் தடவையாக அவனே முடிவெடுக்கும் வேலை. இதைச் சரியாகச் செய்தால் நியமனம்.

நான் கதவருகே போனதும் அவர் சொன்னார்: "இன்னொண்டு. உம்மட சொந்தக்காரர், தெரிஞ்சவை ஆராவது விலை தந்தால் முதலே எனக்கு வந்து சொல்லிப்போடும். சொன்னால் ஒரு பிரச்சினையும் இல்லை. வேற ஆளிட்ட அந்த வேலையைக் குடுப்பன், அவ்வளவுதான்."

"யாரும் இல்லை சார்" என்றேன். அந்த நிமிஷம் அது உண்மை.

அடுத்த வாரமே வேலாயுதம் சாம்பிள் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் கவுண்டருக்கு வந்து நின்றார். மழையில் வந்திருந்தார். ஆள் நனைந்திருந்தார், மூட்டையை மட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்தார்.

"என்ன மாமா, இங்க?" என்றேன்.

"இங்க மாமா கீமால்லாம் வேணாம் தம்பி. இங்க நான் விக்கிறவன், நீங்க வாங்குறவங்க. நல்லா இருந்தா எடுங்க, இல்லாட்டி விட்டுடுங்க லா." மூட்டையைக் கவுண்டரில் வைத்தார். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டார். "நம்ம சம்பந்தத்தைப் பத்தி உங்க பெரியவர்கிட்ட சொல்லிட்டீங்கல்ல? நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது."

"சொல்லிட்டேன் மாமா."

அவர் சந்தோஷமாக மழைக்குள் இறங்கிப் போனார்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் மேலதிகாரி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். வேலாயுதத்தைக் கூப்பிட்டு, மரியாதையாக, "உங்கட மருமகன் எங்கட அப்பரண்டிஸ்தான், எண்டாலும் இந்த வேலையிலிருந்து அவரை விலக்கியிருக்கிறன்" என்பார். அப்பரண்டிஸ் என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் நடுங்கினேன். ஒரு மாதம் பொறுத்தால் அந்தச் சொல் தானாக உதிர்ந்துவிடும். ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டால் போதும்.

மூன்று பேர் விலை வந்தது. வேலாயுதத்தின் விலைதான் குறைவு. சாம்பிளும் அதுதான் சிறந்தது. கையை விட்டுக் கிளறினேன்; வெள்ளையாக, மொரமொரவென்று, ஒரு பித்தான்கூட இல்லை. நியாயமாக எழுதினால் அவருக்குத்தான் ஆர்டர். ஆனால் எழுதிவிட்டுத் தையில் அவர் பெண்ணுக்குத் தாலி கட்டினால்? கொள்முதலில் ஒருவனுக்கு எந்தப் பெயர் வரக்கூடாதோ அந்தப் பெயர் வரும். நியமனம் ஆன கையோடு வேலையும் போகும்.

ஆகவே நான் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். இளம் வயதில் எடுக்கிற மோசமான தீர்மானங்கள் எல்லாம் தியாகம் போலவே தோன்றும். வேலாயுதத்தின் சாம்பிளுக்கு எதிரே 'ஈரம்' என்று எழுதினேன். மழைக்காலம், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அதற்கு அடுத்த விலை சொன்ன கடைக்கு ஆர்டர் என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் சாம்பிள் மூட்டையின் மேல்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் கையை விட்டுப் பார்க்கவில்லை. சொந்த மாமனாரையே தள்ளிவைத்த நேர்மையாளனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? அன்றைக்கு எனக்கு அமோகமான தூக்கம் வந்தது. இதை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் காது சுடுகிறது. தப்பு செய்தவனுக்குத் தூக்கம் வராது என்று சொல்கிறவர்கள் என்னைப் போன்ற ஆளைப் பார்த்ததில்லை.

அடுத்த வருஷத்துக்கான வேஸ்டில் முதல் மூட்டைகள் டிசம்பரிலேயே பட்டறைக்குப் போயின. போன சில நாட்களில் அந்தோணி என்ற ஃபிட்டர் எஞ்சின் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கந்தலுக்குள் இருந்த ஓர் ஊக்கு உள்ளங்கையில் இறங்கி உடைந்தது. அவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையை முடித்திருக்கிறார். இரண்டு நாளில் கை முழங்கைவரை வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மேலதிகாரி பட்டறைக்குப் போய் ஒரு மூட்டையைத் தூக்கிவரச் சொன்னார். என் மேசைமேல் அவரே அதை அறுத்துக் கொட்டினார். சட்டைப் பித்தான்கள், ரவிக்கைக் கொக்கிகள், யாரோ ஒரு குழந்தையின் அணையாடையில் குத்திய ஊக்கு, பாதி துருப்பிடித்தது. ஒவ்வொன்றையும் பொறுக்கி வரிசையாக வைத்தார். பிறகு சாம்பிள் அலமாரியைத் திறந்தார். ஆர்டர் கிடைக்காதவர்களின் சாம்பிளையும் வருஷம் முடியும்வரை வைத்திருப்பது எங்கள் வழக்கம். வேலாயுதத்தின் மூட்டையை எடுத்து, அதற்குள் கையை விட்டார். கொஞ்சம் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதில எங்க ஐசே ஈரம்?"

"காஞ்சிருக்கும் சார்."

"அலமாரிக்குள்ளயோ?"

இதற்குமேல் பொய் சொல்லக் கைவசம் சரக்கு இல்லை. "அவர் என் மாமனார் ஆகப்போறவர் சார்" என்றேன்.

அவர் மெதுவாக உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வேலாயுதத்தின் கந்தலாலேயே.

"மாமனாரிண்ட சாமானை வாங்கிப் பிடிபட்டவையைக் கண்டிருக்கிறன். மாமனாரிண்ட சாமானைத் தள்ளிப் பிடிபட்டது நீர்தான் முதல் ஆள். ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

சம்பளப் பொய்யையும் சொன்னேன். கேசரியை மட்டும் விட்டுவிட்டேன்.

"நேர்மையா இருக்கிறன் எண்டு நினைச்சீரோ?"

"ஆமா சார்."

"பயந்தனீர் ஐசே. அது வேற, இது வேற."

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது எல்லாவற்றையும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடைத்துவிடலாம். உறவுக்காரனுக்கு ஆர்டர் கொடுப்பது மட்டும் பாரபட்சம் இல்லை. நம் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவனைத் தள்ளுவதும் பாரபட்சம்தான். இரண்டிலும் நாம் சரக்கைப் பார்ப்பதில்லை, நம்மைத்தான் பார்த்துக்கொள்கிறோம். வாயைத் திறந்து சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதற்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடித்ததற்கு வேறொருவர் தன் கையைக் கொடுத்தார்.

தண்டனை சுருக்கமானது. பயிற்சி இன்னும் ஆறு மாதம், அதே தொண்ணூறு வெள்ளியில். "இனி இரண்டு வீட்டுக்குப் போம்" என்றார். "முதல் அந்தோணி வீடு. பிறகு கந்தல்கடை. நீர் ஆர், என்ன செய்தனீர் எண்டு நீரே சொல்லவேணும்."

அந்தோணி புக்கிட் மேராவில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தார். கை கட்டோடு கழுத்தில் தொங்கியது. அவருக்கு நாள்கூலி, வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. நான் ஆப்பிள் பையை வைத்துவிட்டு, வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்ததை ஒப்பித்தேன். அந்தக் கந்தலைத் தேர்ந்தெடுத்தது நான்தான், தப்பு முழுக்க என்னுடையது, என்னை மன்னிக்கவேண்டும்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாருப்பா?"

"பர்ச்சேசிங் அப்பரண்டிஸ்."

"அப்பரண்டிஸா? அப்பரண்டிஸ் சொல்லித்தான் இம்மாம் பெரிய கப்பலுக்குச் சாமான் வாங்குறாங்களா?" உள்ளே திரும்பி, "ஏ மேரி, கேட்டியா? நல்லவேளை, கையோட போச்சு. இந்தத் தம்பி வாங்குன போல்ட்டு நட்டு எத்தனை கப்பல்ல ஓடுதோ!" என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை. என் ஆப்பிளையும் எடுக்கவில்லை.

அந்தோணியின் இரண்டு விரல்கள் அதன்பிறகு முழுதாக மடங்கவில்லை. ஸ்பானர் பிடிக்க முடியாததால் கருவி அறையில் ஆட்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அது இன்னும் குறைந்த கூலி. இந்தப் பயிற்சியால் சம்பளம் எப்படி ஏறும் என்றுதானே உங்கள் மேலாளர் எழுதச் சொன்னார்? என்னுடையது ஏறியது. அவருடையது இறங்கியது. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம்.

கந்தல்கடைக்குப் போனபோது வேலாயுதம் தரையில் உட்கார்ந்து தானே பித்தான் வெட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாகச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப் பேரைக் காணோம்.

"வாங்க தம்பி. ஆர்டர் கிடைக்கல. பரவால்ல லா, ஒரு கம்பெனி போனா இன்னொண்ணு" என்றார். "ஆனா ஒண்ணு மட்டும் புரியல. ஈரம்னு சொல்லிட்டாங்களாம். கூரை ஒழுகுதோன்னு ஆளை வச்சுப் பாத்தேன். கடையில இருந்த மூட்டை அத்தனையும் பிரிச்சு மறுபடி காயப்போட்டேன். வெயில் எங்க இருக்கு இந்த மாசத்துல? விசிறி வாடகைக்கு எடுத்துக் காயவச்சேன். எங்கேருந்து வந்துச்சு அந்த ஈரம்?"

நான் எழுதிய ஒற்றைச் சொல்லை அந்த மனிதர் நம்பியிருக்கிறார். தன் கூரையைச் சந்தேகப்பட்டிருக்கிறார், வெளுப்பவரைச் சந்தேகப்பட்டிருக்கிறார், என்னை மட்டும் சந்தேகப்படவில்லை. அந்தோணியின் வீட்டில் வராத அழுகை எனக்கு இங்கே வந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஈரம் இல்லை. பெரியவரிடம் சொல்லவில்லை. நான் பையர் இல்லை, அப்பரண்டிஸ். சம்பளம் தொண்ணூறு. இன்னும் ஆறு மாதத்துக்கும் தொண்ணூறு.

கத்தரிக்கோல் நின்றது. அவர் கையிலிருந்த சட்டையை மடித்துக் கீழே வைத்தார்.

"சம்பளத்துல பொய் சொன்னது கல்யாணத்துக்கு. அதை விடுங்க" என்றார். "என் சரக்குல பொய் சொன்னீங்க பாருங்க. இருபது வருஷமா அது ஒண்ணுதான் தம்பி எனக்கு இருக்கு."

தையில் கல்யாணம் நடக்கவில்லை. நடக்குமா என்றும் யாரும் சொல்லவில்லை. கம்பெனி பழைய ஆர்டரை ரத்து செய்து வேலாயுதத்துக்குக் கொடுத்தது. அதை என் மேலதிகாரியே நேரில் பார்த்துக்கொண்டார், என்னைக் கிட்ட விடவில்லை. ஒவ்வொரு மாதமும் கந்தல் வந்து இறங்கும்போது நான் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஆறு மாதம் கழிந்து நியமனம் வந்தபோதும் யாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுக்கவில்லை. நியமனக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தேக்காவுக்குப் போய், வேலாயுதத்தின் முன் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. "நீங்க வாயால சொல்லுங்க, போதும்" என்றார். சொன்னேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

கல்யாணம் முடிந்து சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி வசந்தா தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. தரையில் உட்கார்ந்து பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு தாங்கவில்லை. அந்தோணியை முந்தின நாள்தான் கருவி அறை ஜன்னலில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். "எல்லாம் உன்னைக் கட்டிக்கணும்னுதான் பண்ணேன் வசந்தா" என்றேன். "அன்னிக்கு இருநூத்தறுபதுன்னு சொல்லலேன்னா உங்க வீட்டுல சம்மதிச்சிருப்பாங்களா? அந்தப் பொய்யைக் காப்பாத்தப் போயிதான் அவர் கையே போச்சு."

அவள் சிவப்புப் பேனாவை நோட்டிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:

"இருநூத்தறுபதா? அதை யாருங்க நம்புனா? அப்பா கந்தல் வியாபாரி. யார் என்ன விலை சொன்னாலும் பாதியைத்தான் காதுல வாங்குவாரு. நூத்துமுப்பது வரும், மீதிக்கு எஞ்சம்பளம் இருக்குன்னுதான் வீட்டுல சரின்னாங்க. அந்த நூத்துமுப்பதாவது நெசமா இருந்திருக்கலாம்."